குழுவில் சேர்ந்தது முதல் அனிமேட்டர் ஆவது வரை: அவசரப்படாமல் வளரும் வழி

மகளிர் சுய உதவிக் குழுவில் புதிதாகச் சேரும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அக்கா, அனிமேட்டர் ஆகணும்னா என்ன செய்யணும்?" என்பதுதான். அனிமேட்டர் என்றால் குழுவுக்குத் தலைமை தாங்கி நடத்துபவர். கேட்பவர்களில் பாதிப்பேர் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அந்த ஆசையில் ஒரு தப்பும் கிடையாது. ஆசைப்படாதவரைப் பிடித்துப் பொறுப்பில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எத்தனை நாளில் ஆகலாம் என்று கேட்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

எனக்கு ஏழு வருடம் ஆனது. மூன்று வருடம் சாதாரண உறுப்பினர், நான்கு வருடம் அனிமேட்டருக்குத் துணையாகப் பிரதிநிதி, அப்புறம்தான் அனிமேட்டர். அந்த ஏழு வருடத்தை இரண்டாகச் சுருக்கியிருக்க முடியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பதவிக்கு வந்திருக்கலாம். ஆனால் மூன்றாம் வருடம் நான் இருந்த இருப்பில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் குழு உடைந்திருக்கும், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இந்தக் குழுக்கள் உருவான விதத்திலேயே பொறுமை இருக்கிறது. தமிழ்நாட்டில் இவை 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நடத்திய திட்டம் அது. பிறகு 1992இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. அன்றிலிருந்து நடைமுறை ஒன்றுதான்: முதலில் நீங்களே சேமியுங்கள், அந்தச் சேமிப்பை உங்களுக்குள் கடனாகச் சுற்றுங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள். ஆறு மாதம் ஓடிய பிறகு குழுவைத் தரம் பார்ப்பார்கள், அதில் தேறினால்தான் வங்கிக் கடன். குழுவையே ஆறு மாதம் நடந்து காட்டச் சொல்கிறார்கள். அதற்குத் தலைமை தாங்க வருபவருக்கு மட்டும் குறுக்கு வழி எங்கே இருக்கும்?

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. காகிதத்தில் 'ஊக்குநர்' என்று இருக்கும், ஊரில் அனிமேட்டர் என்றுதான் சொல்வோம். அவரோடு இரண்டு பிரதிநிதிகள். வங்கிக் கணக்கு இவர்கள் கையெழுத்தில் கூட்டாக நடக்கும். மற்றவர்கள் உறுப்பினர்கள். பொதுவாக 12 முதல் 20 பேர் வரை ஒரு குழுவில் இருப்பார்கள். இனி ஒவ்வொரு கட்டமாகச் சொல்கிறேன்.

முதல் கட்டம்: ஆறு மாதம் காசைக் கட்டுங்கள், வாயைக் கட்டுங்கள்

கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். சேமிப்புக் காசைச் சில்லறையாக எண்ணி எடுத்துப் போங்கள். பாஸ்புக்கில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். முதல் ஆறு மாதத்துக்கு இவ்வளவுதான் வேலை. இதில் என்ன தலைமை இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்காரும் இடத்தில் யார் காசு வைக்கிறார்கள், யார் "அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்" என்கிறார்கள் என்பதைப் பதினைந்து பேரும் பார்க்கிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு பேர் சொல்ல வேண்டி வரும்போது அந்த ஞாபகம்தான் வந்து நிற்கும்.

கட்ட முடியாத வாரம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. அப்படி வந்தால் கூட்டத்துக்கு முந்தின நாளே அனிமேட்டர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்து காரணம் சொல்வதற்கும், முன்கூட்டியே போய்ச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முன்னதில் அவருக்குக் கணக்கு இடிக்கும். பின்னதில் அவர் வேறு ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும்.

வாயைக் கட்டச் சொன்னது, அடங்கிப் போகச் சொன்னதல்ல. கேட்பதற்காக. 1915 ஜனவரியில் காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது, ஓராண்டுக்கு நாட்டைச் சுற்றிப் பாருங்கள், பொது விவகாரங்களில் கருத்துச் சொல்லாதீர்கள் என்று அவர் குருவாக மதித்த கோகலே அவரைக் கேட்டுக்கொண்டார். இருபது வருடம் போராட்டம் நடத்திப் பேர் வாங்கிய மனிதர், அதை ஏற்றுக்கொண்டு மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் ஊர் ஊராகப் போனார். சென்னைக்கும் தரங்கம்பாடிக்கும்கூட அப்போது வந்துபோனார். பீகாரில் சம்பாரண் விவசாயிகளின் பிரச்சினையில் இறங்கியது 1917இல்தான். அத்தனை அனுபவம் இருந்தவருக்கே ஒரு வருடம் தேவைப்பட்டது. நமக்கு ஆறு மாதம் ரொம்ப அதிகம் இல்லை.

எதைக் கேட்க வேண்டும்? யார் எந்த மாதத்தில் கடன் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவு. பொங்கலுக்கு முன்னால் துணிமணி. ஆவணி பிறந்தால் வரிசையாகக் கல்யாண மொய். யார் வீட்டில் பால் காசு பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது, யார் நூறு நாள் வேலைக் கூலியை நம்பி இருக்கிறார்கள், யாருக்குத் திருப்பூரிலிருந்து மகன் அனுப்பும் பணம் வந்தால்தான் உண்டு. எந்த இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை, யார் கேட்டால் யார் மறுக்க மாட்டார்கள். இவை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பின்னால் ஒரு தவணை நின்றுபோகும்போது, இந்த விவரம் இல்லாதவர் சட்டம் பேசுவார். விவரம் உள்ளவர் வழி சொல்வார்.

இரண்டாம் கட்டம்: கணக்கைக் கையில் பிடியுங்கள்

எல்லாக் கட்டத்திலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குழுவில் நிறைய புத்தகங்கள் உண்டு: வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, பொதுப் பேரேடு. இது போக ஆளுக்கொரு பாஸ்புக். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கற்க வேண்டாம். அனிமேட்டரிடம் போய், "அக்கா, ரொக்கப் புத்தகத்தை நீங்க எழுதும்போது பக்கத்துல உக்காந்து பாக்கட்டுமா?" என்று கேளுங்கள். எழுதத் தரச் சொல்லாதீர்கள், பார்க்க மட்டும். நான் அப்படி ஐந்து மாதம் பார்த்தேன். ஆறாவது மாதம் அவரே பேனாவைத் தந்தார்.

வட்டிக் கணக்கை மட்டும் வேறு யாரையும் நம்பாமல் நீங்களே போட்டுப் பழகுங்கள். எங்கள் குழுவில் உள்கடனுக்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. ஒருவர் 5,000 ரூபாய் வாங்கிப் பத்து மாதத்தில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் மாதம் 500. முதல் மாதம் 5,000க்கு வட்டி 100. அசலில் 500 கழிந்ததால் அடுத்த மாதம் 4,500க்கு வட்டி 90. அப்புறம் 80, 70 என்று இறங்கிக்கொண்டே வந்து பத்தாவது மாதம் 10. மொத்த வட்டி 550 ரூபாய். இதையே குறையும் அசலைப் பார்க்காமல் மாதாமாதம் 100 என்று வாங்கினால் 1,000 ஆகிவிடும். 450 ரூபாய் வித்தியாசம். பத்து மாதம் 600, 590 என்று தூக்கிக் கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த 450 என்பது ஏறக்குறைய இன்னொரு தவணை.

நான் சேர்ந்த முதல் வருடம் எங்கள் குழுவில் ஒரு அத்தைக்கு இப்படித்தான் நடந்தது. யாரும் ஏமாற்றவில்லை. எழுதியவர் இறங்குவட்டி போடத் தெரியாமல் எல்லா மாதமும் ஒரே தொகையை எழுதியிருந்தார். நான்காவது மாதம் அத்தையின் பாஸ்புக்கைப் புரட்டியபோது என் கண்ணில் பட்டது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கூட்டத்தில் எழுந்து "கணக்கு தப்பு" என்று சொல்லத் துடித்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. மறுநாள் அனிமேட்டர் அக்கா வீட்டுக்குப் போய், "எனக்கு இது புரியல, சொல்லித் தாங்க" என்று ஒரு தாளில் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, "நான் தப்பா எழுதிட்டேன், அத்தைக்கு 60 ரூபாய் கூடுதலா வாங்கியிருக்கு, இந்தத் தவணையில கழிச்சுக்கறோம்" என்றார். அன்றைக்கு அவர் மேல் எல்லோருக்கும் மரியாதை கூடியது. எனக்கும் ஒரு சொத்து கிடைத்தது: அதற்குப் பிறகு கணக்கு எழுதும்போதெல்லாம் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்.

இன்னொன்று. கையிருப்பு உதைத்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். ஒருநாள் ரொக்கப் புத்தகத்தில் இருக்க வேண்டியதைவிட 40 ரூபாய் குறைந்தது. "நாற்பது ரூபாய்தானே, நான் போடறேன், எழுந்திரிங்க" என்றார் ஒருவர். அனிமேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்புக்காகத் தேடினோம். ஒருவருடைய சேமிப்பு 50 என்பதற்குப் பதிலாக ரொக்கப் புத்தகத்தில் 90 என்று விழுந்திருந்தது. காசு குறையவே இல்லை, எழுத்துதான் கூடியிருந்தது. அன்று கைக்காசைப் போட்டிருந்தால், அந்தத் தப்பு அப்படியே ஆடிட் வரை போயிருக்கும்.

மூன்றாம் கட்டம்: யாரும் விரும்பாத வேலையைக் கேட்டு வாங்குங்கள்

வங்கிக்குப் போவதுதான் அந்த வேலை. அரை நாள் கூலி போகும், பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும். அதனால் எல்லோரும் நழுவுவார்கள். நீங்கள் போங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். எப்போதும் பிரதிநிதி ஒருவரோடு போங்கள், பணத்தை இருவர் எண்ணுங்கள், செலானின் அடித்தாளை அன்றே புத்தகத்தில் ஒட்டுங்கள்.

முதல் முறை கடன் மனு கொண்டுபோனபோது என்னைத் திருப்பி அனுப்பினார்கள். தீர்மான நகலில் எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்ற எண்ணிக்கை இல்லை. இரண்டாவது முறை கடன் எதற்கு என்ற விவரம் ஆள்வாரியாக இல்லை. மூன்றாவது முறை எல்லாம் இருந்தது, மேலாளர் லீவு. வரும் வழியில் பஸ்ஸில் அழுதுவிட்டேன். ஆனால் அந்த மூன்று நடையில்தான் ஒரு தீர்மானத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மனப்பாடம் ஆனது: கூட்டம் நடந்த தேதி, இடம், மொத்த உறுப்பினர், வந்தவர், எவ்வளவு தொகை, யார் யாருக்கு, எதற்காக, எத்தனை தவணை, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எல்லோர் கையெழுத்தும் அல்லது கைநாட்டும். அப்புறம் எத்தனையோ முறை போயிருக்கிறேன், தாள் குறைகிறது என்று ஒருமுறைகூட என்னைத் திருப்பியதில்லை.

நான்காம் கட்டம்: தவணை நின்றவரிடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்

பிரதிநிதி ஆனதும் உங்கள் முன்னால் வந்து நிற்கும் முதல் பெரிய சோதனை இது. இதில் நான் தோற்றிருக்கிறேன். என்ன நடந்தது என்பதை அப்படியே சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க.

ஓர் உறுப்பினர் மூன்று தவணை கட்டவில்லை. எனக்குச் சித்தி முறை. நான்காவது கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், "சித்தி, உங்களால எங்க எல்லாருக்கும் வங்கிக் கடன் நின்னுபோகும், தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் பதிலே சொல்லாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். அடுத்த இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. அவரோடு அவருடைய மகளும், எதிர்வீட்டு மதினியும் வரவில்லை. ஒருவர் தவணை நின்றிருந்த இடத்தில் மூன்று பேர் சேமிப்பு நின்றது.

பழைய அனிமேட்டர் அக்கா என்னைத் திட்டவில்லை. "நீ வசூல் பண்ணப் போனியா, சித்தியப் பாக்கப் போனியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறை இது.

முதல் தவணை நின்ற வாரமே போய்ப் பாருங்கள். மூன்றாவது வரை காத்திருப்பது பொறுமையல்ல, தள்ளிப்போடுவது. கூட்டத்தில் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள். சாயங்காலம் வீட்டு ஆண்கள் திரும்பும் நேரத்தில் போகாதீர்கள். பல வீடுகளில் குழுக் கடன் வாங்கியது கணவருக்கு முழுசாகத் தெரிந்திருக்காது. காலை வேலை முடிந்து அடுப்பு அணைந்த நேரம் நல்லது. போனதும் கடன் பேச்சை எடுக்காதீர்கள். கொடுக்கிற தண்ணீரையோ காபியையோ வாங்கிக் குடியுங்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்ததும் குறுக்கே பேசாதீர்கள்.

சித்தி வீட்டுக்கு நான் இரண்டு மாதம் கழித்துப் போனேன். முதல் நாள் திண்ணையில் உட்கார வைத்தார், பேசவில்லை. இரண்டாம் முறை போனபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். கீரை முடிகிற நேரத்தில்தான் விஷயம் வந்தது. கணவருக்குக் கால் முறிந்து, வேறொரு இடத்தில் வாரத் தவணைக்கு வாங்கிய கடனை அடைக்க முடியாமல், குழுத் தவணையை நிறுத்தியிருந்தார். அங்கே கட்டாவிட்டால் வாசலில் வந்து உட்காருவார்கள், இங்கே நாம்தானே என்ற நினைப்பு. அந்த "நாம்தானே" என்பதில் இருந்த உரிமையைத்தான் நான் கூட்டத்தில் உடைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம்: வீட்டுக்கு வருவது எவ்வளவு, கட்டாயம் போக வேண்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. வாரம் 200 முடியும் என்றார். நான் 150 எழுதச் சொன்னேன். சொன்னதைக் கட்டுகிற பழக்கம் முதலில் திரும்ப வர வேண்டும், தொகை பிறகு ஏறட்டும். குழுவில் பேசி அதைத் தீர்மானமாகப் போட்டோம். முழுசாக முடிய பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதமும் சிலர் என்னிடம் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மகளும் மதினியும் மூன்றாவது வாரமே திரும்பி வந்துவிட்டார்கள்.

ஐந்தாம் கட்டம்: பொறுப்பு உங்களைத் தாண்டிப் போகும், அன்று என்ன செய்வது

இது எல்லோருக்கும் நடக்காது. நடந்தால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

என் ஐந்தாவது வருடம் பொறுப்பு மாற்றும் நேரம் வந்தது. கணக்கு எனக்குத் தெரியும், வங்கி தெரியும், நான்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் வேறொரு பெண்ணின் பேரை முன்மொழிந்தார்கள். என்னைவிட நான்கு வயது சின்னவள், பிளஸ் டூ முடித்தவள். கைதூக்கச் சொன்னபோது ஒன்பது பேர் தூக்கினார்கள். அதில் சித்தியும் ஒருவர்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. குழுவை விட்டு விலகிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நாலு நாள் கழித்து அந்தப் பெண் ரொக்கப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல, நீங்கதான் சொல்லித் தரணும்." அவள் வாசலில் நின்ற அந்த நிமிடம் எனக்கு இரண்டு வழி இருந்தது. "உன்னைத்தானே தேர்ந்தெடுத்தாங்க, நீயே பாரு" என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் ஆறு மாதத்தில் கணக்கு குளறுபடியாகி என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் நான் எதற்காகப் பேசாமல் இருந்தேன் என்பதும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டு வருடம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அந்த இரண்டு வருடத்தில் அவளிடமிருந்து நானும் ஒன்று கற்றேன். அவள் யாரிடமும் முடிவைச் சொல்ல மாட்டாள், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கடைசி வரிசையில் இருப்பவரிடமிருந்து கேட்டுக்கொண்டு வருவாள். நான் எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவள் மாதிரிப் பேசுகிறவள். அந்த ஒன்பது பேரும் ஏன் கைதூக்கினார்கள் என்பது மெதுவாகப் புரிந்தது. அவளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போனபோது, என் பேரை முன்மொழிந்தது அவள்தான்.

உங்களைத் தாண்டிப் போனால், ஒரு மாதம் கழித்து உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்: "என்கிட்ட என்ன குறைச்சல்?" கோபம் அடங்காமல் கேட்டால் உண்மை வராது. கேட்ட பிறகு பதிலுக்கு விளக்கம் கொடுக்காதீர்கள்.

ஆறாம் கட்டம்: அனிமேட்டர் ஆன முதல் வருடம்

எதையும் மாற்றாதீர்கள். கூட்ட நாள், நேரம், இடம், வட்டி, அபராதம் எல்லாம் இருந்தபடியே ஒரு வருடம் ஓடட்டும். மாற்ற வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய பதினொன்றில் நான்குதான் ஒரு வருடம் கழித்துப் படிக்கும்போது சரியாகப் பட்டன.

மூன்று விஷயத்தில் மட்டும் முதல் நாளிலிருந்தே கறாராக இருங்கள். வங்கிக் கடன் வந்தால் முதல் பங்கு உங்களுக்கு வேண்டாம், கடைசியாக வாங்குங்கள். குழுக் காசை ஒரு ராத்திரிகூட உங்கள் வீட்டில் கணக்கில்லாமல் வைக்காதீர்கள். எவ்வளவு, யார் பொறுப்பில் என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, யாரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினாலும் முதலில் அந்தப் பக்கத்தை உரக்கப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி எங்கள் குழுவில் இருந்தார். நான் படித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும், "எந்த எடத்துல என் பேரு இருக்கு, காட்டு" என்பார். விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டுவேன். கொஞ்ச நேரம் அங்கேயே தடவிப் பார்த்துவிட்டுத்தான் கட்டைவிரலை மையில் வைப்பார். இரண்டு நிமிடம் கூடுதலாகும். அந்த இரண்டு நிமிடத்துக்கு அவசரப்படுகிறவர் இந்தப் பொறுப்புக்கு இன்னும் தயாராகவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பொறுத்துப் போகக் கூடாத இடம் ஒன்றும் இருக்கிறது. பணம் கையாடல் நடந்தால், ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போட்டிருந்தால், ஓர் உறுப்பினரை வீட்டில் அடிக்கிறார்கள் என்று தெரிந்தால், அங்கே "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பது கிடையாது. அன்றே கூட்டத்தைக் கூட்டுங்கள், ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கும் வட்டார அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அடிபடும் பெண்ணுக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணைச் சொல்லுங்கள், சொல்வதோடு நிற்காமல் கூடவே இருந்து அழைக்க வையுங்கள்.

ஏழாம் கட்டம்: ஒப்படைப்பதை முதல் வருடமே தொடங்குங்கள்

1936இல், காமராஜரை அரசியலில் வளர்த்த சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்குத் தலைவரானபோது காமராஜர் செயலாளர். நான்கு வருடம் கழித்து, 1940இல், காமராஜர் தலைவரானார். சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராக இருந்தார். காமராஜரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 1954இல் முதலமைச்சர் ஆனதைச் சொல்வார்கள். பதின்ம வயதிலேயே இயக்கத்துக்கு வந்து, 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை போய், முப்பது வருடத்துக்கும் மேல் கட்சியில் வேலை பார்த்த பிறகுதான் அது நடந்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, தான் வளர்த்த பையனுக்குச் செயலாளராக உட்கார்ந்த அந்தப் பெரியவர்தான். ஊரறிந்த பேச்சாளர், வயதில் பதினைந்து வருடத்துக்கு மேல் மூத்தவர். நம்மில் எத்தனை பேருக்கு அது வரும்?

எங்கள் பக்கத்துக் குழு ஒன்றில் ஒரே அனிமேட்டர் பதினோரு வருடம் இருந்தார். நேர்மையானவர், ஒரு ரூபாய் பிசகாது. உடம்புக்கு முடியாமல் போனபோது புத்தகத்தைத் திறந்து பார்க்கக்கூட ஓர் ஆள் தயாராக இல்லை. நாலே மாதத்தில் குழு நின்றுபோனது.

அதனால் பொறுப்பேற்ற வருடமே, கணக்கை எட்டிப் பார்க்கும் ஒரு பெண்ணைக் கண்டுபிடியுங்கள். பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டாம் வருடம் மாதத்தில் ஒரு கூட்டத்தை அவள் நடத்தட்டும், நீங்கள் வட்டத்தில் உட்காருங்கள். அவள் தடுமாறும்போது எடுத்துக்கொடுக்கத் துடிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். தப்பாக எழுதினால் கூட்டத்தில் திருத்தாதீர்கள். மறுநாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள்.

மாற்றும் நாளில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். எல்லாப் புத்தகங்களையும் அன்றைய தேதி வரை முடித்து, கையிருப்பையும் வங்கி இருப்பையும் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுங்கள். நிலுவையில் உள்ள கடன்களை ஆள்வாரியாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கையெழுத்து மாற்றத்துக்கான தீர்மான நகலும் புதியவர்களின் புகைப்படமும் அடையாளச் சான்றும் வங்கிக்கு வேண்டும். புதியவர்களோடு நீங்களும் ஒருமுறை போய் மேலாளரிடம் அறிமுகம் செய்து வையுங்கள். பெட்டிச் சாவியைக் கூட்டத்தில் வைத்துக் கொடுங்கள், வீட்டில் வைத்து வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு வழக்கம்போல ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் வட்டத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காருங்கள். உங்கள் முறை வரும்போது சேமிப்பைக் கொடுத்து, பாஸ்புக்கில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.